அக்கா வீட்டுத் தரை

கணக்குப் படிப்பிக்கின்றவன் கணக்கில் தவறிவிட்டால் அதை ஊரறியச் சொல்லிக்கொள்வது வழக்கமில்லை. மாணவனுடைய பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுகின்ற கை, தன் பிழையை மெல்ல அழித்துவிட்டு அப்பால் போய்விடும். ஆயினும் சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஒரு தவற்றை இங்கே வெளிப்படையாகவே எழுதத் துணிந்தேன். வீடு கட்டுகின்றவர்களுக்கும், கட்டிய வீட்டைத் திருத்துகின்றவர்களுக்கும் அது பயன்படலாம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை வாசகர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள ஒரு லயன் காம்பரா, அதன் முன்னே ஓர் ஒடுங்கிய வராந்தா. இவ்வளவுதான் எங்கள் வீடு. அதற்குள் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். தரை பெயரளவில் சீமெந்துத் தரை. உண்மையில் பாதி பெயர்ந்து பள்ளமாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அந்தப் பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பிச் சாணம் கரைத்து மெழுகுவார். மார்கழிக் குளிரில் சாக்கை விரித்து அதன்மேல் பாயை விரித்தாலும், விடிவதற்குள் தரையின் ஈரம் முதுகில் ஏறிவிடும்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். பதினாறாம் வயதில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள். அவள் பறித்த கொழுந்தில்தான் நான் அட்டனில் படித்தேன், பேராதனைக்குப் போனேன், பட்டதாரியானேன். இன்று நுவரெலியாவில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கின்றேன். இதிலே மிகை எதுவும் இல்லை. என் பட்டச் சான்றிதழின் ஒரு மூலையில் அக்காவின் பெயரையும் அச்சிட்டிருக்க வேண்டும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

காலம் மாறியது. இந்திய அரசின் உதவியுடன் மலையகத் தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. பின்னர் 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டில் நடந்த பெருங்கூட்டத்தில், மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்று இந்தியப் பிரதமர் அறிவித்ததையும் நாம் அறிவோம். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடியில் ஒரு தனி வீடு என்பது அத்திட்டத்தின் அளவு. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம். நிலமுடையோர்க்கு அது ஒரு தோட்டத்து மூலை. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தவர்க்கோ அது ஒரு நாடு. அக்காவுக்கும் அப்படியொரு வீடு கிடைத்தது.

ஐம்பது வயது நிறைந்த பின் அவள் வேலையிலிருந்து நின்றாள். ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம் அல்லவா? அப்படி வந்த பணத்தில் பெரும்பகுதி மகளின் கல்யாணத்துக்குப் போயிற்று. எஞ்சியதை அவள் தொடாமல் வைத்திருந்தாள். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள் என்ற செய்தி வந்ததும் என்னை அழைத்தாள்.

“தம்பி, முன் அறைக்கு மட்டும் டைல் போட்டுறணும். பேரப்பிள்ளை தவழுற தரை. நீதான் கணக்குப் பார்த்துச் சொல்லணும். ஒரு தடவை வந்து அளந்து பார்த்துட்டுப் போ.”

“அளக்க என்ன இருக்கிறது? வீட்டுப் படம் என்னிடம் இருக்கிறதே. பன்னிரண்டுக்குப் பத்து” என்றேன் நான்.

பன்னிரண்டுக்குப் பத்து! நாங்கள் ஆறு பேர் வாழ்ந்த காம்பராவின் அதே அளவு. இப்போது அது அக்காவின் வீட்டில் முன் அறை மட்டுமே. அந்த எண்ணமே எனக்குப் போதையாக இருந்தது போலும். அவள் வாக்கியத்தின் பின்பாதி என் காதில் ஏறவில்லை.

பெரிய கட்டடங்கள் எழுப்புவோர் இத்தகைய கணக்கை விரல்விட்டு எண்ணுவதில்லை. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கல், எவ்வளவு சீமெந்து, எத்தனை ஓடு என்று பட்டியல் தயாரிப்பதற்கென்றே கணிய அளவையாளர் என்னும் தொழில்வல்லுநர் இருக்கின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனப் பட்டப்படிப்பே உண்டு. 1979 இல் விசிக்கல்க் என்னும் விரிதாள் மென்பொருளும், 1982 இல் ஆட்டோகாட் என்னும் வரைபட மென்பொருளும் வெளிவந்தன. அந்த வழியில் வளர்ந்த இன்றைய மென்பொருள்கள், கட்டடத்தைத் திரையில் வரைந்த மாத்திரத்திலேயே ஒவ்வோர் அறையின் தரைப் பரப்பையும் எடுத்துத் தருகின்றன. ஒரு சுவரை அரையடி நகர்த்தினால் ஓடுகளின் எண்ணிக்கையும் அக்கணமே மாறுகின்றது. அவற்றின் சின்னஞ்சிறு தம்பிகள் நமது கைத்தொலைபேசிகளிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. நீளம், அகலம், ஓட்டின் அளவு, கழிவு என்று நான்கு கட்டங்கள் இருக்கும். நிரப்பி ஒரு பொத்தானைத் தொட்டால் விடை வந்துவிடும்.

நானும் நிரப்பினேன். நீளம் 12 அடி. அகலம் 10 அடி. ஓடு, கடைக்காரர் முதல் கடைசி வாடிக்கையாளர் வரை எல்லோரும் சொல்வதுபோல ‘ரெண்டுக்கு ரெண்டு’. கழிவு என்ற கட்டத்துக்கு வந்ததும் சற்றுத் தயங்கினேன். ஏழை வீட்டுப் பணத்தில் கழிவு எதற்கு என்று தோன்றிற்று. பூச்சியம் என்று இட்டேன். 30 ஓடுகள் என்றது செயலி. பெட்டிக்கு நான்கு ஓடுகள். ஆகவே எட்டுப் பெட்டிகள். இரண்டு ஓடு மிஞ்சும். கணித ஆசிரியனின் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அட்டனில் ஒரு கடைக்கு அக்காவை அழைத்துச் சென்றேன். கண்ணாடிபோல் மின்னிய ஓடுகளை நான் காட்ட, அவள் வாசலில் மழைநீர் தேங்கிய இடத்திலே காலை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஓட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். வழுக்கிற்று. “நம்ம ஊர் மழைக்கு இது ஆகாது” என்று சொல்லி, சொரசொரப்பான பால்வெள்ளை ஓடு ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். எட்டுப் பெட்டிகளும் ஒரு சிறு லொறியில் தோட்டத்துக்கு ஏறின.

மறுநாள் காலை மேசன் வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் எல்லோரும் அவரைப் ‘பாஸ்’ என்றே அழைப்பார்கள். பெட்டிகளை எண்ணினார், அறையைப் பார்த்தார், மறுபடியும் பெட்டிகளை எண்ணினார்.

“சேர், இது பத்தாதுங்களே.”

நான் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினேன். அவர் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு, “நீங்க கேட்டதுக்கு அது சரியாத்தான் சொல்லியிருக்கு” என்றார். பிறகு பேச்சை விட்டு, ஓடுகளைச் சாந்தில்லாமல் வெறுந்தரையில் அடுக்கத் தொடங்கினார்.

வாசலோரமாக ஐந்து ஓடுகளை வைத்தார். ஐந்து ஓடுகளுக்குப் பத்தடி நிரம்ப வேண்டுமல்லவா? நிரம்பவில்லை. ஓட்டுக்கும் சுவருக்குமிடையே ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் இடைவெளி பல்லிளித்தது. பெட்டியை அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். 60 க்கு 60 சென்ரிமீற்றர்! இரண்டடி என்பது 60.96 சென்ரிமீற்றர். ஊர் வாயில் இரண்டடியாக உலவும் ஓடு, உண்மையில் அதைவிட ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறைவு. ஐந்து ஓட்டில் அக்குறை ஐந்து சென்ரிமீற்றர் அளவாகப் பெருகிவிடுகிறது. ஓடுகளுக்கிடையே விடும் மெல்லிய இடைவெளி அதில் ஒரு சிறு பகுதியையே ஈடுசெய்யும்.

மேசன் விளக்கினார். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அப்படியொரு மெல்லிய கீற்று விழுவது வேலைக்கு அழகல்ல. ஆகவே முறையாகச் செய்பவர்கள் அறையின் நடுவிலிருந்து தொடங்கி, இருபுறச் சுவர்களிலும் ஒரே அளவான துண்டு வரும்படி பதிப்பார்கள். அப்படிச் செய்தால் இந்த அறையின் அகலத்தில் நான்கு முழு ஓடுகளும் இருபுறமும் பாதிக்குச் சற்று மேற்பட்ட இரண்டு துண்டுகளும் வரும். பாதிக்கு மேற்பட்டதனால் ஓர் ஓட்டிலிருந்து ஒரு துண்டுதான் வெட்டலாம். ஆக, அகலத்துக்கு ஆறு ஓடு. நீளத்துக்கும் அதே நியாயத்தில் ஏழு ஓடு. ஆறேழு நாற்பத்திரண்டு!

முப்பது எங்கே, நாற்பத்திரண்டு எங்கே? கழிவுக்குப் பத்து வீதம் இட்டிருந்தாலும் முப்பத்துமூன்றுதான் வந்திருக்கும். பரப்பைப் பரப்பால் வகுக்கத் தெரிந்த செயலிக்கு, வெட்டிய ஓட்டின் மறுபாதி அடுத்த இடத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கத் தெரியாது. பார்க்கும்படி நானும் கேட்கவில்லை. சுவரின் அடியில் நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டி பதிப்பது வழக்கம் என்பதையும் நான் மறந்திருந்தேன். நாற்பத்திரண்டு ஓடு வாங்கினால், வெட்டி எஞ்சிய துண்டுகளே அந்தப் பட்டிக்குப் போதும் என்றார் மேசன். அவருடைய கழிவு கழிவேயன்று. அதற்கும் ஓர் இடம் இருந்தது.

இத்துடன் முடியவில்லை. அறையின் ஒரு மூலையில் குந்தி, ஒரு சுவரில் மூன்றடியும் மறு சுவரில் நான்கடியும் பென்சிலால் குறித்தார். இரு குறிகளுக்கும் இடையே அளவுநாடாவை இழுத்தார். ஐந்தடி வரவேண்டிய இடத்தில் ஐந்தடியும் ஒன்றரை நூலும் வந்தது. “மூலை விரிஞ்சிருக்கு சேர். அந்தக் கோடிக்குப் போகையில ஒரு இஞ்சி கூடிரும்” என்றார். அளந்து பார்த்தோம். வாசல் பக்கம் பத்தடி. உட்பக்கம் பத்தடி ஓரங்குலம்.

பைதகரசின் தேற்றத்தை இருபது ஆண்டுகளாகத் தரம் பத்து மாணவர்களுக்கு நிறுவிக் காட்டுகின்றவன் நான். அந்தப் பெயரை ஒருபோதும் உச்சரித்திராத ஒருவர், அதைக் கையிலே வைத்திருந்தார். நானோ வீட்டுப் படத்தில் அச்சிட்டிருந்த அளவை நம்பி, அறைக்குள் ஒருமுறை நாடா பிடிக்கவும் இல்லை.

மேலும் மூன்று பெட்டிகள் வாங்க அட்டனுக்கு ஓடினேன். அதே ஓடு இருந்தது. ஆனால் பெட்டியின்மேல் இருந்த நிற இலக்கம் வேறு. ஒரே வகை ஓடானாலும் ஒவ்வொரு முறை சூளையில் சுடும்போதும் நிறம் இம்மியளவு வேறுபடுவதுண்டு. அதனாலேயே ஒவ்வொரு பெட்டியிலும் அந்தத் தொகுதியின் இலக்கம் அச்சிடப்படுகின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பால், மற்றது மோர். முந்திய தொகுதி தீர்ந்துவிட்டது என்றார்கள்.

வெறுங்கையோடு திரும்பி, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பதற்றப்படவில்லை. என் முகத்தைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு,

“முப்பது வருசமா மடுவத்துத் தராசில நமக்குக் கழிவு போட்டாங்க. நீ போட வேண்டிய இடத்தில போட மறந்திட்டியா தம்பி?” என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொழுந்து மடுவத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பறித்த கொழுந்தை அங்கே கொண்டுபோய் நிறுப்பார்கள். கூடைக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துவிட்டு மிச்சத்தையே கணக்கப்பிள்ளை எழுதுவார். சிறுவயதில் அக்காவுக்குத் தேநீர் கொண்டுபோகும்போது நான் அதைப் பார்த்து நின்றிருக்கிறேன். நிறுப்பது ஒருவர், எழுதுவது ஒருவர், சுமந்தவள் வாய்மூடி நிற்பாள். அவள் இருந்த காம்பராவை வேறு யாரோ அளந்தார்கள். அவள் உழைப்பை வேறு யாரோ நிறுத்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு தரை வந்தபோது, “வந்து அளந்து பார்” என்றாள். படித்த தம்பி, அளக்காமலே எழுதிவிட்டான். மடுவத்துக் கணக்குக்கும் என் கணக்குக்கும் என்ன வித்தியாசம்?

அன்றிரவு மேசனும் அக்காவும் நானும் அந்த அறையிலே உட்கார்ந்தோம். நாடாவின் ஒரு முனையை அக்காவின் கையில் கொடுத்தேன். கையிலிருப்பதோ முப்பத்திரண்டு ஓடுகள். வாசலிலிருந்தும் இடப்புறச் சுவரிலிருந்தும் முழு ஓடுகளாகவே தொடங்கினால், ஐயாறு முப்பதும் முழுசாக விழும். எஞ்சும் கீற்றுகளை மீதி இரண்டு ஓடுகளிலிருந்து வெட்டியெடுக்கலாம். அந்தக் கீற்று ஒரு கோடியில் ஒடுங்கியும் மறு கோடியில் இரண்டரை அங்குலத்தை நெருங்கியும் இருக்கும். ஆகவே அது எந்தச் சுவரோரம் விழவேண்டும் என்பதே கேள்வி.

அதற்கு எந்த மென்பொருளும் விடை சொல்லியிராது. அக்கா உடனே சொன்னாள். “வலப்பக்கம் அலுமாரி வரும். பின் சுவரில கட்டில் வரும். அதுங்களுக்குக் கீழே போகட்டும். வாசல்ல நிக்கிறவங்க கண்ணுக்கு முழு ஓடுதான் தெரியணும்.” சுவரடிப் பட்டிக்கு, கடையில் ஓர் உடைத்த பெட்டியில் எஞ்சிக் கிடந்த ஐந்து கபில நிற ஓடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தேன். பால்வெள்ளைத் தரைக்குக் கபிலக் கரை. சேலைக்குக் கரை கட்டியதுபோல அமைந்துவிட்டது. முப்பத்திரண்டில் ஒன்றும் உடையாமல் வெட்டி முடித்த அந்தக் கைகளுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் பிற்காலத்தில் ஓர் ஓடு வெடித்தால் மாற்றி வைக்க அக்காவிடம் ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் குறை என் கணக்கில் நிற்கின்றது.

தவற்றை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த தவணையில் என் மாணவர்களோடு சேர்ந்து கல்லூரிக் கணினியில் ஒரு விரிதாள் தயாரித்தேன். அது பரப்பைக் கேட்பதில்லை. ஒவ்வொரு சுவரின் நீளத்தையும் தனித்தனியே சென்ரிமீற்றரில் கேட்கும். மூலைவிட்டங்கள் இரண்டையும் கேட்கும். அவை சமமில்லையென்றால் எச்சரிக்கும். ஓட்டின் உண்மையான அளவையும் இடைவெளியையும் கொண்டு நீளத்துக்கு எத்தனை, அகலத்துக்கு எத்தனை என்று வரிசை வரிசையாக எண்ணி, பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கும். நடுவிலிருந்து தொடங்கினால் இத்தனை, வாசலிலிருந்து தொடங்கினால் இத்தனை என்று இரண்டு விடைகளைத் தரும். சுவரடிப் பட்டியைச் சேர்க்கும். பெட்டிக் கணக்காக மாற்றும். கடைசியில் ஒரே தொகுதி இலக்கத்தில் ஒரு பெட்டி மேலதிகமாக வாங்கிக் கட்டிலுக்கடியில் வைக்கும்படி நினைவூட்டும். திறக்காத பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பதும் நல்லது.

மாணவர்களுக்கு வீட்டுவேலையாக, அவரவர் இருக்கும் அறையை அளந்து வரச் சொன்னேன். சிலர் புதிய வீட்டை அளந்தார்கள். பலர் லயன் காம்பராவை அளந்தார்கள். அநேகமாக ஒருவருடைய மூலையும் நேராக இல்லை. “சேர், அம்மாதான் நாடாவின் மறு முனையைப் பிடித்தார்” என்று ஒரு மாணவி சொன்னபோது, அந்தப் பாடம் நான் எண்ணியதைவிட நன்றாகவே நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

கணினியின்மீது எனக்குக் குறையில்லை. அது பொய் சொல்லவில்லை. யாருக்கும் சார்பாகக் கழிக்கவும் இல்லை. ஏழை வீட்டார் ஏமாறாமல் பொருள் வாங்க அதைப்போல் ஒரு துணை வேறில்லை என்றே இப்போதும் நம்புகின்றேன். ஆனால் அதனிடம் கேள்வி கேட்பதற்குமுன், அந்தத் தரையிலே நடக்கப்போகின்றவரைக் கேட்க வேண்டும். அந்தத் தரையைப் பதிக்கப்போகின்றவரைக் கேட்க வேண்டும். பிறகு குந்தியிருந்து அளக்க வேண்டும்.

அக்காவின் பேரன் இப்போது தவழ்கின்றான். சென்ற வாரம் போயிருந்தபோது, கட்டிலுக்கடியில் புகுந்து அந்த ஒடுங்கிய கீற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தான். அவனை இழுக்கப்போன என்னைத் தடுத்து, “விடு தம்பி, அதுவும் நம்ம தரைதானே” என்றாள் அக்கா.